முப்பத்தெட்டரை டிகிரியில் நின்றுபோன வரி

அந்தப் பட்டறையில் அவளுக்கு 'பிரிண்ட் அக்கா' என்று பெயர். நேரில் வெறும் அக்காதான். அவள் டீ குடிக்கக் கீழே இறங்கிய பிறகுதான் முழுப் பட்டமும் வெளியே வரும். அவளுக்கும் அது தெரியும், தெரியாததுபோல இருந்துகொள்வாள். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் வேலை என்னவென்று சொல்லியாக வேண்டும்.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது பட்டறை. எட்டுப் பேர். கோழிமுட்டை பொரிக்கும் இன்குபேட்டர்களுக்குப் போர்டு செய்து கொடுப்பார்கள். இன்குபேட்டர் என்றதும் மேஜைமேல் வைக்கிற பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் உள்ளே நுழைந்து நடக்கலாம், ஒரே நேரத்தில் ஐயாயிரம் முட்டை அடுக்கலாம். எவ்வளவு சூடு வேண்டும், எப்போது ஃபேன் சுற்ற வேண்டும், மேலே உள்ள காற்றுக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் உள்ளங்கையளவு போர்டு ஒன்று பார்த்துக்கொள்ளும். போர்டுக்கு நடுவில் நகத்தளவு சிப். அந்தச் சிப்புக்குள் போகிற ப்ரோக்ராமை எழுதுகிறவள் அவள். பத்தொன்பது வருஷமாக அவள் ஒருத்திதான்.

கம்ப்யூட்டருக்கு எழுதுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 'பிரிண்ட்' என்று ஒரு வரி போட்டால் எழுத்து திரையில் வந்து விழுந்துவிடும். நகத்தளவு சிப்புக்கு ஏது திரை? அது பிரிண்ட் செய்வதெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். அதற்கு வழியை நாம்தான் காட்ட வேண்டும். 'ப்ரோக்ராம் எந்த எழுத்தை பிரிண்ட் செய்யச் சொன்னாலும் சரி, ஒவ்வொன்றாக எடுத்து, கேபிள் செருகுகிற துளையான சீரியல் போர்ட்டில் தள்ளிவிடு' என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுத வேண்டும். நாலே வரி. அப்புறம் போர்டில் ஒரு முனை, லேப்டாப்பில் ஒரு முனை என்று கேபிளைச் செருகினால், சிப் சொல்வதெல்லாம் லேப்டாப் திரையில் வரிவரியாக ஓடும்.

அந்த நாலு வரியை அவள் முதன்முதலாக எழுதி, போர்டு 'எழுந்துவிட்டேன்' என்று திரையில் சொன்ன அன்று, வீட்டுக்குப் போய் கணவரிடம் மூன்று தடவை சொல்லிக்காட்டினாள். அவர் மூன்றாவது தடவை தூங்கிவிட்டார். அன்று முதல் அவள் கைப்பட்ட போர்டு எதுவும் வாய் மூடியதில்லை. சென்சார் சரி என்பதற்கு ஒரு வரி, ஃபேன் ஓடுகிறது என்பதற்கு ஒரு வரி, ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குக்கூட ஒரு வரி. "அக்கா வீட்டு குக்கர்கூட விசில் அடிக்கறதுக்கு முன்னாடி எழுதிக் காட்டும்போல" என்பாள் சால்டரிங் வேலை பார்க்கிறவள். பேசாத போர்டை நம்பக் கூடாது என்பது அக்காவின் கட்சி.

அதே பட்டறையில்தான் அவள் கொழுந்தனும் இருந்தான். கணவரின் தம்பி. இரண்டு வருஷம் வேலையில்லாமல் வீட்டின் மேலறையில் முடங்கிக் கிடந்தவனை அவள்தான் கூட்டிவந்து முதலாளிமுன் நிறுத்தினாள். "என் பொறுப்புங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். பண்ணைகளுக்குப் போய் போர்டை மாட்டி, ஒயர் இழுத்து, மோட்டாரோடு இணைத்துவிட்டு வருவது அவன் வேலை. கை சுத்தம். கவனம்தான் அவ்வப்போது பட்டம் விடப் போய்விடும். "ஸ்க்ரூவை ரெண்டு தடவை பாரு தம்பி, ரெண்டு தடவை பாரு" என்று அவள் சொல்லாத நாளில்லை. அவனும் "சரிங்க அண்ணி" என்று தலையாட்டாத நாளில்லை. அம்மாவிடம்கூட அவன் அப்படிப் பயந்தவனில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் பண்ணையிலிருந்து போன் வந்தது. பத்தொன்பதாம் நாள் முட்டைகள், நாலாயிரத்து எண்ணூறு. அத்தனையும் உள்ளேயே வெந்து போயிருந்தன.

கடைசி நாட்களில் முட்டைக்குள் இருக்கிற குஞ்சு தானாகவே சூடு கக்கும். ஹீட்டர் அணைந்திருந்தாலும் பெட்டிக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். முப்பத்தெட்டரை டிகிரியைத் தொட்டால் போர்டு காற்றுக் கதவைத் திறந்து, பெரிய ஃபேனைச் சுற்றவிட்டு, மணியும் அடிக்க வேண்டும். அன்று கதவு திறக்கவில்லை, ஃபேன் சுற்றவில்லை, மணியும் அடிக்கவில்லை. வெளியில் இருந்த, டிகிரி எண்ணை மட்டும் காட்டுகிற சின்னத் திரை முப்பத்தெட்டரை என்றே காட்டிக்கொண்டிருந்தது. வேலையாள் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை என்று போய்விட்டான். உள்ளே நாற்பத்திரண்டு.

கொழுந்தன் ஓடினான். போர்டை அணைத்துப் போட்டதும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. ஒயர் ஒயராகப் பார்த்ததில் கதவு மோட்டாருக்கும் ஃபேனுக்கும் சேர்த்துப் போகிற ஒயரின் ஸ்க்ரூ அரைச்சுற்று தளர்ந்திருந்தது. மாட்டிய அன்று கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அந்த ஒன்றை மட்டும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை என்று அவனுக்கு நினைவிருந்தது.

திங்கட்கிழமை அந்தப் போர்டு அவள் மேஜைக்கு வந்தது. கேபிளைச் செருகினாள். சென்சாரை வெந்நீர் டம்ளரில் விட்டாள். முப்பத்தெட்டரையைத் தொட்டதும் திரையில் 'சூடு அதிகம்' என்று வரி ஓடியது. டெஸ்ட்டுக்கு வைத்திருந்த கதவு மோட்டார் சுற்றியது, ஃபேன் ஓடியது, மணி அடித்தது. பத்துத் தடவை செய்தாள். பத்துத் தடவையும் அதேதான்.

"போர்டு எப்படிம்மா?" என்று முதலாளி கேட்டார்.

"போர்டுல ஒண்ணும் இல்லீங்க. சரியா இருக்கு."

அது பொய்யில்லை. அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கொழுந்தனை நாலு வார்த்தை திட்டக்கூடச் செய்தாள். ஐயாயிரம் உயிர் தம்பி, ஒரு ஸ்க்ரூ என்று சொன்னாள். அவன் நின்றுகொண்டே கேட்டான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சால்டரிங்காரி வந்து, "அக்கா, அஞ்சு நிமிஷம் கேபிளைக் குடுங்க, என்னோடது பிஞ்சு போச்சு" என்று உருவிக்கொண்டு போனாள். டம்ளரில் வெந்நீர் ஆறாமல் இருந்தது. வீணாக்குவானேன் என்று இவள் சென்சாரை அதில் விட்டாள். கேபிள் இல்லாமல்.

முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு புள்ளி மூன்று. முப்பத்தெட்டரை.

அதோடு நின்றது. கதவு மோட்டார் அசையவில்லை. ஃபேன் சுற்றவில்லை. மணி இல்லை. சென்சாரை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டாள். அப்போதும் போர்டின் சின்னத் திரையில் முப்பத்தெட்டரை. இனிமேல் எந்த வரியையும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பட்டறைக்கு ஒரு பழைய லேப்டாப் வந்தது. மகா மந்தம். போர்டு வேகமாகப் பேசினால் பாதி எழுத்தைத் தவறவிடும். அதனால் அவள் கேபிளில் சும்மா கிடந்த இன்னொரு கம்பியையும் இணைத்தாள். 'நான் கேட்கத் தயார்' என்று லேப்டாப் அந்தக் கம்பியில் சைகை காட்டும்; சைகை வரும்வரை அடுத்த எழுத்தை அனுப்பாதே, காத்திரு என்று அந்த நாலு வரி ஃபங்ஷனில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தாள். எழுத்து தவறுவது நின்றது.

உடனே வேறொரு தொல்லை முளைத்தது. சிப்புக்குள் 'வாட்ச்டாக்' என்று ஒரு டைமர் உண்டு. பேருக்கேற்ற காவல்நாய்தான். ப்ரோக்ராம் எங்காவது சிக்கி இரண்டு விநாடி அசையாமல் நின்றால், பாய்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட வைத்துவிடும். அந்த மந்த லேப்டாப் தாமதம் செய்யும்போதெல்லாம் நாய் பாய்ந்து பாதி டெஸ்ட்டில் போர்டு ரீசெட் ஆனது. பத்துத் தடவை பொறுத்தாள். பதினோராவது தடவை எரிச்சலில், காத்திருக்கும் இடத்திலேயே 'நான் உயிரோடுதான் இருக்கிறேன், நீ படு' என்று நாயைத் தட்டிக்கொடுக்கிற ஆறாவது வரியையும் போட்டாள். பக்கத்திலேயே தன் குறிப்பு: 'தற்காலிகம். பண்ணைக்கு அனுப்பும் முன் எடுக்கணும்.' தற்காலிகம் என்று எழுதி வைத்ததை யாராவது எடுத்ததாகச் சரித்திரம் உண்டா? இவளும் எடுக்கவில்லை.

எடுக்காததால் இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் பண்ணைக்குப் போகிற போர்டில் பேச்சு முழுவதையும் ஒரே சுவிட்ச்சில் அடைத்துவிடுவாள். ஒரே ஒரு வரி மட்டும் அந்தச் சுவிட்ச்சுக்கு வெளியே தப்பியிருந்தது. போன வருஷம் ஏதோ அவசரத்தில் சேர்த்த, சூடு எல்லை மீறுகிற அபூர்வமான நாளில் மட்டும் வருகிற 'சூடு அதிகம்'. அதையும் எங்கே போட்டிருந்தாள்? கதவைத் திறப்பதற்கு முன்னால். முதலில் சொல், அப்புறம் செய்.

பண்ணையில் ஏது லேப்டாப்? சூடு ஏறியதும் போர்டு அதைச் சொல்ல வாயெடுத்திருக்கிறது. கேட்கத் தயார் என்று சைகை வரவில்லை. காத்திருக்கச் சொல்லியிருந்தாள், காத்திருந்தது. தட்டிக்கொடுத்ததில் நாயும் படுத்துக் கிடந்தது. நாலாயிரத்து எண்ணூறு குஞ்சும் சாகும்வரை அந்தப் போர்டு முதல் எழுத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறது.

சால்டரிங்காரி கேபிளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"தலைவலி" என்றாள்.

அந்த நிமிஷமே எழுந்து, பத்தடி நடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளி முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். அவர் கடித்துக் குதறுகிற ஆளில்லை. பரவாயில்லைம்மா, சரிபண்ணிடு என்றுதான் சொல்லியிருப்பார். அவள் பயந்தது வேலைக்கு இல்லை. பத்தொன்பது வருஷமாக எல்லோருடைய தப்பையும் கண்டுபிடித்துச் சொன்ன வாய் அது. வீட்டில், பட்டறையில், கணவரிடம், முக்கியமாகக் கொழுந்தனிடம். அந்த வாயால் இதை எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தாள். சாயங்காலம் முதலாளி போகிற போக்கில் எட்டிப் பார்த்தார்.

"வேற ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"இல்லீங்க."

இது பொய்.

புதன்கிழமை காலையில் கொழுந்தன் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து முதலாளி மேஜைமேல் வைத்தான். ஸ்க்ரூவைச் சரியாக முடுக்காதது என் தப்பு, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று கையெழுத்துப் போட்டிருந்தான். புதிதாகப் போர்டு மாட்டுகிற வேலை இனி அவனுக்கு வேண்டாம், பேக்கிங் பக்கம் போகட்டும் என்று முடிவானது. அவன் அதற்கும் தலையாட்டினான்.

மத்தியானம் பண்ணைக்காரம்மா நேரில் வந்தார். அவள் வயதுதான் இருக்கும். கத்துவார் என்று எல்லோரும் தயாராக இருந்தார்கள். கத்தவில்லை. கடிதத்தை வாங்கினார், படித்தார், மடித்துப் பையில் வைத்தார்.

"பத்தொன்பதாம் நாள் கதவைத் திறந்தா உள்ளேயிருந்து சத்தம் வரும்" என்றார். "முட்டைக்குள்ளேயே கத்த ஆரம்பிச்சுடும். அன்னிக்கு நான் திறந்தேன். ஒண்ணுமே கேக்கல. காதுதான் அடைச்சுக்கிச்சோன்னு நினைச்சேன்."

கொழுந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். முப்பத்தோரு வயது ஆண்பிள்ளை, எட்டுப் பேருக்கு முன்னால். அவள் மூன்றடி தள்ளி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பண்ணைக்காரம்மா கிளம்பிப் போகும்வரை அடித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் இன்னும் இருபத்தாறு பண்ணைகளில் அதே ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருந்தது. அது மறந்துபோகிற அளவுக்கு அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. ஃபைலைத் திறந்து ஐந்தாவது வரியையும் ஆறாவது வரியையும் அழித்தாள். 'சூடு அதிகம்' என்ற வரியைக் கதவு திறந்த பிறகு வரும்படி மாற்றினாள். ஐந்து நிமிஷ வேலை. அந்தத் 'தற்காலிகம்' குறிப்பையும் கூடவே அழித்தாள். அதற்குத்தான் அதிக நேரம் ஆனது. அந்த ஃபைலைத் திறந்து படிக்க அந்தப் பட்டறையில் வேறு ஆளே கிடையாது. ஆனாலும் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை முதலாளியிடம் போய்ப் பூசி மெழுகினாள். "ஒயர் தளர்ந்தாலும் மணியாவது உடனே அடிக்கற மாதிரி புதுசா எழுதியிருக்கேங்க. எல்லாப் பண்ணையிலயும் மாத்திடலாம்."

"பாரு, கொழுந்தன் தப்புக்கு அண்ணி உக்காந்து ராப்பகலா உழைக்குது" என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார். அதைவிட அவர் அவளைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மாற்றுவதற்கு யார் போவது? ஒவ்வொரு பண்ணைக்கும் வழி தெரிந்தவன் ஒருவன்தான். பேக்கிங்குக்குப் போவதற்கு முன் கடைசியாக இதை முடித்துக்கொடுக்கட்டும் என்றார் முதலாளி. அவள் லேப்டாப்பையும் கேபிளையும் கொழுந்தன் கையில் கொடுத்தாள். "போனதும் முதல்ல கேபிளை மாட்டிடு தம்பி. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்." ஏன் அப்படிச் சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியும். கேபிள் மாட்டியிருக்கும்வரை பழைய ப்ரோக்ராமும் யோக்கியமாக நடந்துகொள்ளும். அவன் எதையும் பார்த்துவிட மாட்டான். அவனோ, அண்ணி தனக்காக எவ்வளவு அக்கறை எடுக்கிறாள் என்று நெகிழ்ந்து போனான். "உங்களுக்குத்தான் அண்ணி என்னால ரொம்பக் கஷ்டம்" என்றான். அவள் கேபிளைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள்.

ஒரு நாளைக்கு மூன்று பண்ணை. பஸ்ஸிலும் நடையிலும் போய், அவள் செய்த தப்பை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு வந்தான். வந்ததும் கணக்காக அவளிடம் ஒப்பிப்பான். இத்தனை ஸ்க்ரூ பார்த்தேன், மூன்று தடவை பார்த்தேன், எதுவும் தளரவில்லை. அவள் "நல்லது" என்பாள். ஒரு நாள் முழுவதும் அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவனிடம் அவளால் வேறு எதுவும் பேச முடியவில்லை. கணவர், "என்ன, அவன்மேல இன்னும் கோபமா? விட்டுடு, அவனே நொந்து போயிருக்கான்" என்று சமாதானம் செய்தார். புதன்கிழமை சொல்லாததற்குச் செவ்வாய்க்கிழமை சொல்லாதது காரணம், வியாழக்கிழமைக்குப் புதன்கிழமை. தள்ளிப்போட்டவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரிந்திருக்கும்.

மறு வியாழக்கிழமை, பத்தொன்பதாவது பண்ணையிலிருந்து அவனுடைய போன் வந்தது. மணி பதினொன்று.

"அண்ணி" என்றான். குரல் சரியில்லை. "இங்கயும் திறக்கல."

"என்ன திறக்கல?"

"காத்துக் கதவு. நீங்க கேபிளை முதல்ல மாட்டச் சொன்னீங்க, தெரியும். பழைய ப்ரோக்ராம் இருக்கும்போதே ஒயரிங்கை ஒரு தடவை பார்த்துடலாம்னு நானாத்தான் வெந்நீர் வாங்கி சென்சாரை விட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டரையில நின்னுடுச்சு. எல்லா ஸ்க்ரூவும் இறுக்கமாத்தான் இருக்கு அண்ணி. அப்படின்னா நான் இழுத்த ஒயரே தப்பு. இங்க இப்படின்னா எல்லா இடத்துலயும் இப்படித்தான் பண்ணி வச்சிருப்பேன்." மூச்சு வாங்கினான். "எனக்கு இந்த வேலை வேண்டாம். பேக்கிங்கும் வேண்டாம். நான் இங்கயே தரையில உக்காந்திருக்கேன். வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க. என் கை பட்டா எல்லாம் செத்துப்போகுது."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். சால்டரிங்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, அது நீ இல்ல. நான்."

"என்ன அண்ணி?"

"ஒயர் சரியாத்தான் இருக்கு. ஸ்க்ரூவும் காரணம் இல்ல. என் ப்ரோக்ராம்தான் தப்பு. ஆரம்பத்துலேருந்தே அதுதான்."

அவன் மெதுவாக, பெரிய மனுஷன்போல, அவளுக்கே ஆறுதல் சொல்ல ஆரம்பித்தான். "வேண்டாம் அண்ணி. எனக்காகப் பழியை நீங்க ஏத்துக்காதீங்க. உங்க பேரு என்ன, என் பேரு என்ன? நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

ஒன்பது நாள் மென்று முழுங்கியதைக் கடைசியில் துப்பினால், அதை நம்புவதற்கும் ஆளில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவன் இன்னும் நம்பமாட்டான்.

"எழுந்திரு" என்றாள். "போர்டு இன்னும் முப்பத்தெட்டரையிலதானே நிக்குது?"

"ஆமா."

"அணைக்காதே. எதையும் தொடாதே. லேப்டாப்பைத் திறந்து வச்சுட்டு, கேபிளை மட்டும் போர்டுல செருகு."

செருகுகிற சத்தம் போனில் கேட்டது. அடுத்த விநாடி மோட்டார் உறுமுகிற சத்தம், ஃபேன் இரைச்சல், அதற்குமேல் மணி.

"அண்ணி, திறக்குது!"

"திரையில என்ன வந்திருக்கு?"

"'சூடு அதிகம்'னு."

"அதை யாராவது கேக்கற வரைக்கும் காத்திருன்னு நான் எழுதி வச்சேன். கதவைத் திறக்கறது அதுக்கப்புறம்னு எழுதி வச்சேன். பண்ணையில யாரு கேக்கறதுக்கு இருக்காங்க? இப்ப கேபிளை உருவிட்டு அணைச்சுப் போடு. மறுபடி வெந்நீர்ல விடு."

விட்டான். நின்றது. மறுபடியும் கேபிளைச் செருகினான். திறந்தது. அவள் சொல்லாமலே மூன்றாவது தடவையும் செய்து பார்த்தான். அவள்தானே இரண்டு தடவை பார்க்கப் பழக்கினாள்.

"புதுசைப் போட்டுட்டு வரேன்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தான்.

அவள் பத்தடி நடந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். முதலாளி உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. ஐந்தாவது வரி, ஆறாவது வரி, குறிப்பை அழித்தது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சொன்ன பொய் என்று ஒன்றையும் விடவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தப்பு பண்ணாத ஆளு யாரும்மா" என்றார் கடைசியில். "அந்தப் பையன் இங்க நின்னு அழுதானே, அப்ப நீ எங்கம்மா இருந்த?"

"இங்கதாங்க" என்றாள்.

பண்ணைக்காரம்மாவுக்கு அவளே போன் செய்தாள். அவர் முழுவதும் கேட்டார். "அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க, அந்தக் கடிதத்தைக் கிழிச்சுட்டேன்னு" என்றார். அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நாலு மணிக்குக் கொழுந்தன் வந்தான். சட்டையெல்லாம் தவிட்டுத் தூசி. லேப்டாப்பை அவள் மேஜைமேல் வைத்தான், கேபிளைச் சுற்றிப் பக்கத்தில் வைத்தான். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. எல்லோரும் திடீரென்று மும்முரமாக வேலை பார்த்தார்கள். அவள் கடிதம் கிழிக்கப்பட்டதைச் சொன்னாள். வேலை பழையபடி அவனுக்கே என்று முதலாளி சொன்னதைச் சொன்னாள். மன்னித்துவிடு என்பதையும் சொன்னாள். அது சரியாக வெளியே வரவில்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"விடுங்க அண்ணி. நானும் ஸ்க்ரூவைப் பார்க்காம விட்டவன்தானே. தப்பு யாருக்கும் வரும்" என்றான். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பத்து நாளில் முதல்முறையாக நிமிர்ந்து நின்றான். அவளுக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்றுகூட நினைத்துவிட்டாள்.

போகப் போனவன் திரும்பி நின்றான்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணி? இன்னிக்கு நான் போன் பண்ணினதும் கண்டுபிடிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். முதலாளி அவனிடம் சொல்லமாட்டார். அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்துவிடும். அவள் அதை யோசித்தாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"இல்ல தம்பி" என்றாள். "போன வாரம் செவ்வாய்க்கிழமை. மத்தியானம்."

"செவ்வாய்க்கிழமையா?"

"ஆமா."

அவன் தரையைப் பார்த்து மனசுக்குள் ஏதோ எண்ணினான். பின்னே அவளைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் முகத்தில் இருந்தது குழப்பம்தான். கூட்டல் சரியாக வராதபோது மறுபடி மேலிருந்து பார்ப்பார்களே, அப்படி.

"அன்னிக்குச் சாயங்காலம் நான் சாப்பிடாம தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்தேன். நீங்கதான் கையைப் பிடிச்சு உக்கார வச்சீங்க. பக்கத்துலயே உக்காந்து, 'தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துடு தம்பி, பாரம் இறங்கிடும்'னு சொன்னீங்க."

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் அண்ணி நான் அந்தக் கடிதத்தையே எழுதினேன்."